தண்ணீர் மேலே ஏறாது

வீட்டில் மூத்தவள் பெரியவள், இளையவள் சின்னவள். பெயர் வைத்தது பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு மட்டும்தான் உதவியது. பெரியவளுக்கு நாற்பத்தாறு வயது. வனத்துறையில் வனவராகப் பதினெட்டு வருட சர்வீஸ். அலுவலகத்தில் 'வனவரம்மா' என்றால் நாற்காலியை நகர்த்திப் போடுவார்கள். கூடவே இருந்த அம்மாவுக்கு மட்டும் அவள் பெரியவள்தான். அதிலும் ஒரு வித்தியாசம் உண்டு. அம்மா 'பெரியவளே' என்று கூப்பிட்டால் ஏதோ வேலை இருக்கிறது என்று பொருள். 'சின்னவளே' என்று கூப்பிட்டால் சும்மா, கூப்பிட ஆசையாக இருந்தது என்று பொருள்.

சின்னவள் வெளியூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் மரநோய் நிபுணர். அவள் அங்கி போட்டுப் பட்டம் வாங்கிய படம் கூடத்தில் டிவிக்கு மேலே மாட்டியிருந்தது. பெரியவள் சீருடையில் எடுத்துக்கொண்ட படம் பிரிட்ஜ் மேல், அம்மாவின் மருந்து டப்பாக்களுக்குப் பின்னால் சாய்ந்திருந்தது. தினமும் மருந்து எடுத்துக் கொடுக்கும்போது பெரியவள் அதை ஒருமுறை நிமிர்த்தி வைப்பாள். மறுநாள் அது மறுபடி சாய்ந்திருக்கும்.

பெரியவளின் பொறுப்பில் இருந்தது ஒரு தேவதாருக் காடு. கீழே ஓடையை ஒட்டிப் பள்ளக்காடு. அங்கிருந்து முக்கால் மணி நேரம் ஏறினால் மேட்டுக்காடு. மேட்டுக்காட்டில் நானூற்றுப் பன்னிரண்டு பெரிய மரங்கள். சிலவற்றை மூன்று பேர் கை கோத்தால்தான் கட்டிப் பிடிக்க முடியும். ஒவ்வொன்றுக்கும் அவளே எண் போட்டிருந்தாள்.

இரண்டு வருடமாகப் பள்ளக்காட்டு மரங்கள் மஞ்சளடித்துக்கொண்டு வந்தன. முதலில் நுனி வெளுக்கும், பிறகு மரம் முழுக்கத் துருப்பிடித்த நிறத்துக்குப் போய் நின்றபடியே செத்துவிடும். பெரியவள் ஏணி போட்டு ஏறி வண்டு துளை தேடினாள். தேதி போட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதினாள். ரேஞ்சருக்கு மூன்று கடிதம் கொடுத்தாள். "மழை ஏமாத்திடுச்சும்மா. மனுசனே வாடறான், மரம் வாடாதா?" என்று அவர் மூன்றையும் கோப்பில் போட்டார். நாலாவது கடிதத்தைத்தான் மேலிடத்துக்கு அனுப்பினார். நிபுணர் வருவார் என்று பதில் வந்தது. வந்த நிபுணரின் பெயரைப் பார்த்த ரேஞ்சர் துள்ளிக் குதிக்காத குறை.

"உங்க தங்கச்சியாமே! இத்தனை நாளா மூச்சே விடலையே நீங்க!"

"கேக்கலையே சார்" என்றாள் பெரியவள். நாலு கடிதமும் அவள் எழுதியது. பேரும் புகழும் இப்போது யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

சின்னவள் பெரியவள் வீட்டிலேயே வந்து தங்கினாள். பெரியவளின் கணவர் சின்ன அச்சகம் ஒன்று வைத்திருந்தார், வாய் கொஞ்சம் நீளம். "உன் தங்கச்சி வந்தா வீட்ல லைட்டே போட வேண்டாம். அத்தை மூஞ்சி ஒண்ணு போதும்" என்றார். சொன்னது கிண்டலுக்குத்தான். பெரியவளுக்குச் சுருக்கென்றது.

முதல் நாள் பள்ளக்காட்டில் சின்னவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. செத்துக்கொண்டிருந்த ஒரு மரத்தடியில் மண்டியிட்டாள். கைக்கோடாலியால் வேருக்குச் சற்று மேலே உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் சீவினாள். உட்பட்டை அடியில் இலவங்கப்பட்டை நிறத்தில் இருந்தது. அதற்கு மேலே, பென்சிலால் கோடு போட்டுப் பிரித்தது போல, பால் வெள்ளை.

"இங்க பாருக்கா. கீழ செத்துடுச்சு, மேல உசிர் இருக்கு. வேர்லேருந்து ஏறி வருது. வண்டும் இல்ல, வறட்சியும் இல்ல. மண்ணுல இருக்கற கிருமி."

கூட வந்திருந்த வனக்காவலர் ஆறடிக்கு மேல் உயரம். நெட்டை என்றால்தான் ஊருக்குத் தெரியும். பதினொரு வருடமாகப் பெரியவளோடு காடு சுற்றியவர். அவர் இப்போது சின்னவளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருசமா நாங்க அண்ணாந்தே பாத்துக்கிட்டு இருந்தோம் டாக்டரம்மா. கழுத்து வலிச்சதுதான் மிச்சம்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனாலேயே பெரியவளுக்கு அது பொறுக்கவில்லை. இரண்டு வருடம், அறுபத்து மூன்று மரம், ஒரு நோட்டுப் புத்தகம். ஒரு மரத்தின் காலடியில் கூடக் குனிந்து பட்டையைச் சீவ அவளுக்குத் தோன்றவில்லை. இவளுக்கு வந்து இறங்கிய பத்தாவது நிமிடத்தில் தோன்றிவிட்டது.

மண்ணைச் சோதிக்கச் சின்னவள் குளியலறைக்கு வெளியே வரிசையாக வாளிகளை வைத்தாள். பள்ளக்காட்டு மண்ணைப் போட்டு, தண்ணீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு பேரிக்காயை மிதக்க விட்டாள். மண்ணில் கிருமி இருந்தால் நீந்தி வந்து காயைப் பிடிக்குமாம். நல்ல மண் என்று தெரிந்த ஒன்றும், கெட்ட மண் என்று தெரிந்த ஒன்றும் பக்கத்தில் இருந்தால்தான் சோதனையை நம்பலாம் என்றும் சொன்னாள். அம்மா ஸ்டூல் போட்டு உட்கார்ந்து காய்களுக்குக் காவல் இருந்தாள். பெரியவள் பேரிக்காய் வாங்கி வந்து இப்படித் தண்ணீரில் போட்டிருந்தால் வீடு ரெண்டுபட்டிருக்கும்.

ஐந்தாம் நாள் காய்களில் பழுப்புத் திட்டு விழுந்தது. ஆராய்ச்சி நிலையமும் உறுதி செய்தது.

ரேஞ்சர் கூட்டம் போட்டார். சின்னவள் எளிமையாகச் சொன்னாள். இந்த நோய்க்கு மருந்து கிடையாது. கிருமி தண்ணீரோடு இறங்கும், சேற்றோடு பயணம் போகும். ஆகவே பள்ளக்காட்டுக்கு ஒரே வழி, அதில் ஒரு கேட். உள்ளே போகிறவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே வரும்போது பூட்ஸைத் தேய்த்துப் பிளீச்சிங் தண்ணீரில் முக்க வேண்டும். மழைக்காலத்தில் வண்டியே கூடாது.

"கண்ணு ரெண்டும் இருந்தும் இத்தனை நாள் தடவிக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார் ரேஞ்சர், எல்லோரும் கேட்க. யாரும் பெரியவளைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

சின்னவள் ஊருக்குப் போய்ப் பத்து நாளில் மழை பிடித்தது. அவள் விட்டுப் போன ஒரு ஓட்டை பெரியவளை உறுத்திக்கொண்டே இருந்தது. மேட்டுக்காட்டு மண்ணை அவள் சோதிக்கவே இல்லை. மரங்கள் பச்சையாக இருக்கின்றன, தண்ணீர் மேலே ஏறாது, அதனால் சுத்தம் என்று விட்டுவிட்டாள். ஒருவேளை அங்கே நோய் இருந்தால்? அதைக் கண்டுபிடித்தவள் பெரியவள் என்று இருந்தால்? கூட்டத்தில் ரேஞ்சரின் முகம் எப்படி இருக்கும், டிவிக்கு மேலே எந்தப் படம் வரும் என்பது வரைக்கும் அவள் யோசித்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாள். ஒப்பிட்டுப் பார்க்கப் பள்ளக்காட்டு மண்ணும் வேண்டும். கேட்டில் நெட்டை பதிவேட்டோடு உட்கார்ந்திருப்பார். கையெழுத்துப் போட்டால் எதற்கு என்று கேட்பார், சாயங்காலத்துக்குள் டாக்டரம்மாவுக்குப் போன் போய்விடும். பெரியவள் தீத்தடுப்புக்காக வெட்டிய பாதை வழியாகச் சுற்றி இறங்கினாள். செத்த மரத்தடியில் மண் எடுத்தாள். மண் தோண்டும் கரண்டியைக் கொண்டுபோன பிளீச்சிங் தண்ணீரில் இரண்டு தரம் கழுவினாள். மேட்டு மண்ணில் இந்த மண் கலந்தால் சோதனை கெட்டுவிடுமே! பூட்ஸில் கணுக்கால் வரை சேறு. மழை வலுத்தது, பாட்டிலில் பிளீச்சிங் தண்ணீர் கொஞ்சம்தான் மிச்சமிருந்தது. கரண்டிக்கு வேண்டியிருக்கும் என்று அதை மூடிப் பைக்குள் வைத்தாள்.

மேட்டுக்காட்டில் ஒன்பது இடத்தில் மண் எடுத்தாள். கடைசியாக, ஊற்றங்கரையில் எடுத்து முடித்தபோது பூட்ஸ் கனத்தது. ஒரு பாறை விளிம்பில் தேய்த்துச் சேற்றை வழித்துவிட்டாள். அந்த நேரத்தில் மனதில் ஒன்று குத்தியது. ஒரு தடவைதானே என்று நடந்துவிட்டாள்.

அலுவலகத்தின் பழைய விதைக் கிடங்கில் பத்து வாளி வைத்தாள். ஆறாம் நாள் பள்ளக்காட்டு வாளியில் காய் பழுப்பேறி அழுகியது. மேட்டுக்காட்டு வாளிகள் ஒன்பதிலும் காய் கண்ணாடி போல இருந்தது. மேட்டுக்காடு சுத்தம். வேறு ஒருத்தி என்றால் நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள். பெரியவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அங்கே ஒன்றும் இல்லை என்று கண்டுபிடித்ததற்கு யார் கை தட்டுவார்கள்? தேதி, இடம், மழை, எந்தக் காய் எத்தனையாம் நாள் என்று எல்லாவற்றையும் எழுதி, நோட்டை மேஜை இழுப்பறையில் பூட்டினாள்.

பதினொரு மாதம் கழித்து, மழைக்கு மூன்று வாரம் இருக்கும்போது, ஊற்றங்கரையில் இடுப்பு உயரக் கன்று ஒன்று மஞ்சளாக நின்றது. அந்தப் பாறையிலிருந்து இரண்டடி தூரம். பெரியவள்தான் முதலில் பார்த்தாள். கன்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து அது நெட்டையின் கண்ணில் பட்டது. மறுநாள் சின்னவள் வந்து இறங்கினாள்.

ஊற்றங்கரை மண்ணில் பேரிக்காய் பழுப்பேறியது. ரேஞ்சர் அறையில் சின்னவள் வரைபடத்தை விரித்தாள். ராத்தூக்கம் இல்லாத கண்.

"தண்ணி மேல ஏறாது சார். கேட் பதிவேட்ட முழுசாப் பாத்துட்டேன், ஒருத்தர் விடாம கழுவியிருக்காங்க. அப்போ கீழேருந்து மேல வரல. மேலேருந்துதான் கீழ போயிருக்கு. ஊத்துல ஆரம்பிச்சு ஓடையில எறங்கியிருக்கு. பெரிய மரம் பத்து வருசம் கூட வெளிய காட்டாம தாங்கும். நான் போன வருசமே மேல சோதிச்சிருக்கணும். என் தப்பு."

"இப்போ சோதிக்கலாமே?"

"மண்ணு காஞ்சு கெடக்கு சார். இந்த வெயில்ல கிருமி இருந்தாலும் காய்ல ஏறாது. ஊத்து ஈரம்ங்கறதால அங்க மட்டும் தெரிஞ்சுது. மழை வர்ற வரைக்கும் காத்திருந்தா அது மலை முழுக்கப் பரவிடும்."

ரேஞ்சர் நெற்றியைத் தடவினார். மழைக்கு முன்னால் மேட்டுக்காட்டை முழுசாக வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு மரம்.

பெரியவள் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மரங்களுக்காக நெஞ்சு பதறியது நிஜம். அதற்கும் முந்திக்கொண்டு இன்னொன்று உள்ளே குளுகுளுவென்று இறங்கியதும் நிஜம். சின்னவள் தப்பு. அங்கி போட்ட சின்னவள், பட்டம் வாங்கிய சின்னவள், பத்து நிமிடத்தில் பட்டை சீவிய சின்னவள், அத்தனை பேர் எதிரில் தலைகீழாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். உலகத்திலேயே அது தெரிந்த ஒரே ஆள் பெரியவள்.

இரண்டு நாள் அந்த இனிப்பிலேயே ஓடியது. "பெரியவளே, தங்கச்சி சரியாவே சாப்பிடல, என்னன்னு பாரு" என்று அம்மா சொன்னபோது சிரித்துக்கொண்டே எழுந்து பரிமாறினாள். கணவர் ஏற இறங்கப் பார்த்தார். "என்ன, வர வர மூஞ்சியில பல்பு எரியுது? காடே போகப் போகுதுங்கறாங்க."

"எரியக் கூடாதா?" என்றாள்.

மூன்றாம் நாள் காலை மரங்களுக்குக் குறி போடப் போனார்கள். நெட்டை பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டார், பெரியவள் தூரிகையால் மார்பு உயரத்தில் மஞ்சள் பட்டை போட்டாள். அவள் போட்ட எண்ணின் மேலேயே அது விழுந்தது. ஒன்று, இரண்டு என்று பதினொரு மரம். சின்னவள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டாவது மரத்தடியில் அவள் நின்றுவிட்டாள்.

"அக்கா, நேத்திலேருந்து ஒண்ணே ஒண்ணுதான் நெனைச்சுக்கிட்டு இருக்கேன். நான் சொன்னது தப்பா இருக்கணும். எவனாவது வந்து, நீ சுத்த முட்டாள்னு சொல்லி நிரூபிச்சா அவன் கால்ல விழுந்துடுவேன்."

பெரியவளின் கை நின்றது. பெயிண்ட் சொட்டி மணிக்கட்டில் வழிந்தது. தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படக்கூட இவளால் முடிகிறது! ஒரு மரத்துக்காகத் தன் பெயர் போனால் போகட்டும் என்று இவள் நிற்கிறாள். இந்த மரங்களுக்கெல்லாம் எண் போட்ட நானோ, நானூறு போனாலும் பரவாயில்லை, இவள் தோற்றால் போதும் என்று இரண்டு நாளாக இனித்துக்கொண்டு கிடந்தேன். இதிலும் இவள்தான் மேலே. பொறாமை அன்று எரிந்தது போல அவளுக்கு என்றுமே எரிந்ததில்லை. அந்த எரிச்சலில்தான் வாய் திறந்தது. நல்ல மனசில் சொன்னதாகப் பின்னால் யாராவது பேசினால் அவளே மறுப்பாள்.

"நீ சொன்னது தப்புதான்" என்றாள். "மேல நோய் இல்ல. போன மழையில இல்ல. ஒன்பது இடத்துல நான் மண் எடுத்தேன், ஊத்தையும் சேத்து. ஒன்பது காயும் சுத்தம். பள்ளத்து மண்ணுல போட்டது மட்டும் பழுப்பாச்சு."

சின்னவள் திரும்பினாள். "யார் எடுத்தா?"

"நான்தான். ஞாயித்துக்கிழமை. கேட் வழியா போகல."

"நோட்டு இருக்கா?"

"இருக்கு."

"கரண்டி?"

"கழுவினேன். ரெண்டு தரம்." பெரியவள் தூரிகையை டப்பாவுக்குள் போட்டாள். "பூட்ஸக் கழுவல. ஊத்துப் பக்கத்துப் பாறையிலதான் தேச்சுட்டுப் போனேன்."

நெட்டை டப்பாவைக் கீழே வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கேட்டில் பதினொரு மாதம் மழையிலும் வெயிலிலும் அடுத்தவர் பூட்ஸைத் தேய்த்தவர் அவர்.

"ஏங்க்கா?" என்றாள் சின்னவள். குரல் உடைந்தது. "ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கூட வந்திருப்பேனே."

"அதுக்குத்தான் கேக்கல."

சின்னவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் சிவந்தது. பெரியவள் எதிர்பார்த்த திட்டு வந்தது, எதிர்பார்த்ததற்கு மேலேயே வந்தது. கரண்டியைக் கழுவத் தெரிந்தவளுக்குக் காலைக் கழுவத் தெரியாதா, இது என்ன நீயும் நானும் சண்டை போட்டுக்க வாங்கின பொம்மையா என்று கத்தினாள். கத்தி முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நோட்டை எடுத்துட்டு வா" என்றாள்.

அலுவலகத்தில் வைத்து நோட்டை இரண்டு தரம் படித்தாள். "நல்லா பண்ணியிருக்க. என் லேப் பசங்க கூட இவ்வளவு ஒழுங்கா எழுத மாட்டாங்க" என்றாள், நிமிராமல். அந்தப் பாராட்டுக்காகத்தானே அத்தனையும் நடந்தது! வந்த பிறகு அதை எங்கே வைத்துக்கொள்வது என்று பெரியவளுக்குத் தெரியவில்லை.

ரேஞ்சரிடம் பெரியவளே எழுதிக் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு அதை மடித்து மேஜைமேல் வைத்தார். மூன்று கடிதத்தைக் கோப்பில் போட்டது அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, குரலை உயர்த்தவில்லை. காட்டின் பொறுப்பு அவளிடமிருந்து போயிற்று. விசாரணை நடந்தது. சீக்கிரம் வர இருந்த பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்தார்கள்.

மேட்டுக்காட்டை முழுசாக வெட்டும் உத்தரவு ரத்தாயிற்று. நோய் புதிது, ஊற்றங்கரையோடு நிற்கிறது என்றால் அங்கேயே மறித்துவிடலாம். ஊற்றைச் சுற்றி இருபத்து மூன்று மரங்களை, நோய் பிடித்தது பிடிக்காதது என்று பார்க்காமல் வெட்டினார்கள். கன்றுகளைக் குழியிலேயே எரித்தார்கள். ஊற்றுத் தண்ணீர் மற்ற மரங்கள் பக்கம் போகாதபடி குழாய் போட்டுப் பாறைச் சரிவில் திருப்பினார்கள். பெரியவளைக் கூப்பிட வேண்டிய அவசியம் இல்லை. அவளே வந்து நின்றாள். வாள் பாய்ந்து ஒவ்வொரு மரமும் சாயும்போது அதன் எண்ணை வாய்விட்டுச் சொன்னாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கடைசி மரம் சாய்ந்ததும் நெட்டை ஒரு டம்ளர் டீயை அவள் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். பேச்சு மட்டும் இன்னும் நாலு மாதத்துக்கு இல்லை.

அந்த மழையில் சின்னவள் நாற்பது இடத்தில் மண் எடுத்தாள். ஊற்றை ஒட்டி இரண்டு வாளியில்தான் காய் பழுப்பேறியது. அடுத்த மழையில் ஒன்று. மற்ற முந்நூற்று எண்பத்து ஒன்பது மரங்களும் பச்சையாகவே நின்றன. பத்து வருடம் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும் என்றாள் சின்னவள்.

அறிக்கை அச்சாகி வந்தது. 'முன் ஆண்டு மண் சோதனை' என்ற தலைப்பின் கீழ் பெரியவளின் பெயர் முழுசாக இருந்தது, சின்னவள் பெயருக்கு அடுத்ததாக. அவள் செய்த தவறும் அடுத்த பத்தியிலேயே இருந்தது, கூட்டாமல் குறைக்காமல். பெரியவள் இரண்டையும் படித்தாள். தன் பெயர் இரண்டாவதாக இருந்தது உறுத்தியது. உறுத்தியதே என்று வெட்கமாகவும் இருந்தது. கணவர் எட்டிப் பார்த்து, "எழுத்துப் பிழை இல்ல" என்று மட்டும் சொன்னார்.

ஒன்றரை வருடம் கழித்துக் காடு அவள் கைக்குத் திரும்பியது. அன்று சாயங்காலம் அம்மா யாரோ சொந்தக்காரருக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "சின்னவதான் டாக்டர். பெரியவளும் கூட இருந்து ஒத்தாசை பண்றா." சமையலறையில் நின்ற பெரியவளுக்கு பழைய எரிச்சல் கிளம்பியது. அவள் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தங்கைக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கிழமை மேல மண் எடுக்கப் போறேன். நீ வர்றியா, நானே எடுக்கட்டுமா?"

"நீயே எடுக்கா. நான் இங்க வாளியத் தயார் பண்ணி வைக்கறேன்" என்றாள் சின்னவள்.

"பொறாமையா இருக்குடி உன்னப் பாத்தா" என்றாள் பெரியவள், திடீரென்று.

"தெரியும்" என்றாள் சின்னவள். "இனிமே முன்னாடியே சொல்லிடு."